இறங்க மறுத்த கால்சியம்

பேக்கரியின் பின்வாசல் வழியாகப் போகிறவர்களுக்கு அந்த வாடை தெரியும். புளிப்பும் இனிப்பும் கலந்து, ஈரச் சாக்கோடு கனிந்த பழத்தைக் கட்டி வைத்தது போல, மூக்கில் ஏறி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். இப்போதும் மதுரையின் ஏதாவதொரு சந்தில் அது வந்து மோதினால் என் கால் நின்றுவிடுகிறது. கூட வருகிறவர்கள் நான் பன் வாங்கப் போகிறேன் என்று நினைக்கிறார்கள். நான் எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மார்கழியில் நிற்கிறேன். கண்ணாடிக் குடுவைகள் வரிசையாக ஆடிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கஞ்சி நிறத்தில் கலங்கலாக ஈஸ்ட்.

ஊருக்கு வெளியே, பொட்டலும் பனையும் தெரிகிற இடத்தில் எங்கள் ஆய்வுக்கூடம். ஆனையூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். நான் அங்கே ஆராய்ச்சி மாணவி. என் வேலை, ஈஸ்ட் செல் தன் கால்சியத்தை எங்கே வைக்கிறது, எப்படிச் செலவழிக்கிறது என்று பார்ப்பது. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றைச் சேர்த்து வைப்பதைப் பார்க்கவா இரண்டு பஸ் என்பார்கள். ஆமாம், அதற்குத்தான்.

ஈஸ்ட் ஒற்றைச் செல். அதற்குள் ஒரு பை இருக்கிறது, வாக்குவோல் என்பார்கள். நியூட்ரல் ரெட் என்ற சாயத்தில் ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அந்தப் பை மட்டும் சிவந்து தெரியும், மாதுளை முத்துப் போல. அதன் உள்ளே அமிலம். அமிலத்தில் கொஞ்சத்தை வெளியே விட்டு, பதிலுக்குக் கால்சியத்தை உள்ளே இழுக்கிற வாசல் ஒன்று அந்தப் பையின் சவ்வில் உண்டு. பைக்கு வெளியே, செல்லின் நடுக்கூடத்தில், கால்சியம் கொஞ்சம் கூடினாலும் கெடுதல். அங்கே அது சேதி சொல்லும் மணி. ஓயாமல் அடிக்கிற மணியை யார் காதில் வாங்குவார்கள்? அதனால் உள்ளே வந்த கால்சியத்தை வந்த வேகத்தில் அள்ளிப் பையில் போட்டு மூடிவிடும் ஈஸ்ட். வெளியே கால்சியம் இல்லாத காலம் வந்தால் அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். மழையில் நிரம்பி, கோடையில் மடை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் கண்மாயைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது புரிய வெகுநேரம் ஆகவில்லை.

புரிவது வேறு, காட்டுவது வேறு. ஈஸ்டுக்கு முதலில் வயிறு முட்டக் கால்சியம் கொடுக்க வேண்டும். பிறகு கழுவி, கால்சியமே இல்லாத திரவத்தில் பட்டினி போட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் கொஞ்சம் எடுத்து, வெளித்தோலை மட்டும் இளக்குகிற மருந்து போட்டால் நடுக்கூடத்தில் இருப்பது கசிந்து வரும், பை உடையாமல் நிற்கும். அப்புறம் கொதிக்க வைத்தால் பையும் உடையும். அந்த இரண்டாவது நீரை பிளேம் போட்டோமீட்டரில் கொடுத்து, தீயில் கால்சியம் எவ்வளவு எரிகிறது என்று முள்ளைப் பார்த்து எழுத வேண்டும். செல்கள் இரண்டாகி நான்காகி எட்டாகப் பெருகப் பெருக, ஒவ்வொன்றின் பையிலும் கால்சியம் குறைய வேண்டும். வரைதாளில் ஒரு கோடு இறங்க வேண்டும். அவ்வளவுதான்.

ஐப்பசியில் ஒருமுறை இறங்கியது, படிக்கட்டில் இறங்குகிற மாதிரி அழகாக. "ஒரு தடவை வந்தா அது அதிர்ஷ்டம்மா. மூணு தடவை வரட்டும், அப்ப நம்புறேன்" என்றார் என் வழிகாட்டி. சார் என்றுதான் எல்லோரும் அழைப்போம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே தேடுகிறவர், ஆனால் ஒரு எண் பிசகினால் விடமாட்டார்.

மார்கழி பிறந்தது. கோடு இறங்க மறுத்தது. முதல் முறை நேராகப் போனது. இரண்டாம் முறை கொஞ்சம் ஏறவே செய்தது. மூன்றாம் முறை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முள் போய் அதே இடத்தில் நின்றது. பட்டினி போட்ட செல்லின் பையில் கால்சியம் குறையவே இல்லை. அப்படியென்றால் எங்கிருந்தோ அதற்குக் கிடைத்துக்கொண்டிருக்கிறது. கால்சியமே இல்லை என்று நான் சத்தியம் செய்கிற திரவத்தில் கால்சியம் இருக்கிறது.

எங்கள் கூடத்தில் குடுவை கழுவுகிற அட்டெண்டர் ஒருவர் இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற குடும்பம். ஆறு வருடமாகத் தற்காலிகம். கையில் எப்போதும் ஒரு வெற்றிலைப் பை, பெருவிரல் நகத்தோரம் எப்போதும் வெள்ளையாய்ச் சுண்ணாம்பு. நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். ஈஸ்டுக்குக் கால்சியம் என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டார். சுண்ணாம்பில் இருப்பதுதான் என்றேன்.

"ஈஸ்டுக்கும் சுண்ணாம்பு வேணுமாக்கும். அப்ப பாக்கையும் சேத்துப் போட்டு விட்ருங்க தங்கச்சி, அதுவும் வாய் செவந்து திரியட்டும்."

அந்தக் கேலி எனக்கு மூன்றாம் தோல்வி அன்று ஞாபகம் வந்தது. அவர் விரலைப் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த குடுவைகளைப் பார்த்தேன். அடுத்த நாள் காலை வந்ததும் வராததுமாக ஒரு சோதனைக் குழாயில் டிஸ்டில்டு வாட்டரை ஊற்றி, "அண்ணே, கொஞ்சம் விரலை இதுல அலசுங்க" என்றேன். எதற்கு என்று கேட்காமல் அலசினார். தீயில் கொடுத்தேன். நெருப்பு செங்கல் நிறமாகச் சிவந்தது, முள் ஒரே பாய்ச்சலாய் ஓரத்துக்குப் போய் இடித்தது.

என் மனம் குளிர்ந்தது. அதை இன்று எழுதக் கை கூசுகிறது, ஆனால் குளிர்ந்தது. நேரே சாரிடம் போய்ச் சொன்னேன்.

சார் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பைலை எடுத்தார். "இவனை நிரந்தரமாக்கச் சொல்லிப் பேப்பர் போகுது. பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை கமிட்டி. நான் ஒரு வரி எழுதணும்" என்றார். என் கண் முன்னாலேயே எழுதினார். பணியில் சுத்தம் போதாது.

நான் தடுக்கவில்லை. என் கோட்டைக் கெடுத்தவருக்கு அது வேண்டியதுதான் என்று ஒரு பக்கம் தோன்றியது. இன்னொரு பக்கம் ஒன்றும் தோன்றவில்லை, அதுதான் மோசம்.

எங்கள் கூடத்தில் சுவருக்கும் காது உண்டு. மறுநாள் அவர் என் மேசைக்கு எதிரில் வந்து நின்றார். வெற்றிலைப் பை கையில் இல்லை.

"மேடம், இனி ஒரு வாரம் வெத்தலை போட மாட்டேன். நல்லாப் பாத்துக்கங்க. கிளாசைக் கழுவி, ஆசிட்டுல ஊறப்போட்டு, உங்க தண்ணியில அலசித்தேன் வைப்பேன். எப்பவும் அப்படித்தேன் வச்சேன். இப்பவாச்சும் கோடு இறங்குதான்னு பாப்போம்."

தங்கச்சி ஒரே நாளில் மேடம் ஆகியிருந்தாள்.

ஒரு வாரம் அவர் வாய் வெளுத்துக் கிடந்தது. நான் நான்காம் முறை செய்தேன். கோடு இறங்கவில்லை.

அன்று மேசையில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. வெளியே பொட்டலில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அழவில்லை, கோபம்தான் வந்தது, அதுவும் என் மேல். எழுந்து ஒரு காகிதத்தை எடுத்துத் திரவத்துக்குள் போகிற ஒவ்வொன்றையும் எழுதினேன். தண்ணீர், சர்க்கரை, உப்புகள், குடுவை, அதன் வாயை அடைக்கிற வாய்ப்பஞ்சு, நிறுக்கிற தாள். இரண்டு நாள் ஒவ்வொன்றாய் அலசித் தீயில் கொடுத்தேன். முள் அசையவில்லை. எல்லாம் சுத்தம். ஆனால் எல்லாம் சேர்ந்து குடுவைக்குள் போனால் கால்சியம் வந்துவிடுகிறது.

கழுவுமிடத்திலிருந்து அவர் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"எல்லாத்தையும் சோதிச்சாச்சு போல."

"ஆமாண்ணே."

"என் கையைச் சோதிச்சாச்சு. ஓங்க கைய?"

எனக்குச் சுருக்கென்றது. வீம்புக்காகவே அவர் முன்னால் என் பத்து விரலையும் அலசித் தீயில் கொடுத்தேன். முள் லேசாக நடுங்கி நின்றுவிட்டது. "பாத்தீங்களா" என்றேன். "பாத்தேன்" என்றார் அவர், ஒரு சொல் கூடச் சேர்க்காமல்.

அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை கமிட்டி.

மதியம் ஆட்டோகிளேவ் விசில் அடங்கியது. நீராவியில் வேக வைத்த குடுவைகளை எடுக்க வேண்டும். வழக்கம் போலப் போய் மூடியைத் திறந்தேன். வழக்கம் போல முந்தானையை உருவி, சுருட்டி, அதால் குடுவையின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினேன். அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை இறக்குகிற மாதிரி. இரண்டாவது குடுவையின் வாய்ப்பஞ்சு ஆவியில் நனைந்து இளகியிருந்தது. முந்தானை முனையாலேயே அதை அழுத்தி விட்டேன். மூன்றாவதுக்குக் கையை நீட்டும்போது முந்தானையைப் பார்த்தேன்.

அரக்குப் புடவை. அதன் முனையில் நான்கு விரல் அகலத்துக்கு வெள்ளைத் தீற்றல்.

கோலமாவு.

மார்கழி பிறந்ததிலிருந்து வாசல் கோலம் என் பொறுப்பு. அதற்கு முன் அம்மாதான் போடுவாள். பனி அம்மாவுக்கு ஆகாது, மூச்சு வாங்கும். மார்கழியில் குளிக்காமல் வாசல் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆகவே விடியும் முன் குளித்து, ஆய்வுக்கூடத்துக்கு உடுத்துகிற புடவையையே உடுத்திக்கொண்டு, புள்ளிக்கோலம் போட்டுவிட்டு, கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுவேன். கையைப் பிறகு கழுவுவேன். முந்தானையை யார் கழுவுகிறார்கள்? தெருவில் கூவி விற்கிற அந்த வெள்ளை மாவு அரிசி மாவல்ல, சுண்ணாம்புக் கல்லைப் பொடித்தது. ஒரு சிட்டிகைக்கும் குறைவாக, ஈரப் பஞ்சில் ஒட்டி, புளித்த திரவத்தில் சொட்டிக் கரைந்து, ஈஸ்டுக்கு அது ஒரு மாதச் சாப்பாடு. ஐப்பசியில் கோடு இறங்கியது ஏன் என்பதும் அந்த நொடியில் விளங்கியது. ஐப்பசியில் கோலம் அம்மாவுடையது.

முனையை வெட்டித் தண்ணீரில் ஊறப்போட்டுத் தீயில் கொடுத்தேன். செங்கல் நிறம். முள் ஓரத்தில் போய் இடித்தது.

நேரே கழுவுமிடத்துக்குப் போய்ச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அவர் கையைத் துடைத்துக்கொண்டு முழுதும் கேட்டார். வெட்டுப்பட்ட முந்தானையைப் பார்த்தார்.

"கோலம் போட்டது நீங்க. புள்ளி விழுந்தது என் பைல்ல."

சாரிடம் போனேன்.

சாருக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு எரிச்சல். "இதை வெளிய சொன்னா எவன் நம்ம ரிசல்ட்டை நம்புவான்? விடும்மா. இந்த வருஷம் இல்லேன்னா அடுத்த வருஷம் அவன் பைல் போகும்."

"ஆறு வருஷமா அடுத்த வருஷம்னுதான் சொல்றாங்களாம் சார்."

"நீ சொன்னதை வச்சுத்தான் எழுதினேன். இப்ப நீ சொல்றதை வச்சு அடிச்சு எழுதணுமா? நாளைக்கு வேற ஒண்ணு சொல்லுவே."

"கோடு இறங்கிட்டா எழுதுவீங்களா சார்?"

அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்குப் பேப்பர் ஆபீசுக்குப் போயிரும். அதுக்கு முன்னாடி கொண்டா."

நான் செய்யப்போகிற ஐந்தாவது முறை அது. இந்த முறை கோடு இறங்க வேண்டியது எனக்காக அல்ல, அவருக்காக.

புதன் விடியலில் பழைய புடவையில் கோலம் போட்டுவிட்டு மறுபடியும் குளிக்கப் போனேன். அம்மா கதவோரம் நின்றாள்.

"இப்பத்தானடி குளிச்சே?"

"கோலமாவு போகணும்மா."

"கோலத்துக்கு முன்னாடி குளிக்கிறவளப் பாத்திருக்கேன். கோலத்தையே தீட்டு மாதிரி குளிச்சுக் கழிக்கிறவள இன்னைக்குத்தான் பாக்குறேன். படிப்பு ஏறிப்போச்சு."

வேறு புடவை உடுத்தினேன். ஆய்வுக்கூடத்தில் முந்தானையை இடுப்பில் இறுகச் செருகி, மேலே வெள்ளைக் கோட்டு மாட்டி, பொத்தானை எல்லாம் பூட்டினேன். குடுவையைப் பிடிக்க இடுக்கி. ஈஸ்டுக்கு வயிறு நிறையக் கொடுத்து, மூன்று தரம் கழுவி, வியாழன் காலை எட்டு மணிக்குப் பட்டினியில் விட்டேன்.

பத்து மணிக்குக் கரண்ட் போயிற்று.

குடுவைகளை ஆட்டுகிற எந்திரம் நின்றது. ஆடாமல் விட்டால் செல்கள் அடியில் படிந்துவிடும், காற்று கிடைக்காது, பெருகாது, கோடும் பொய்யாகிவிடும். ஆறு குடுவையை இரண்டு கையால் எடுத்து மாற்றி மாற்றிச் சுழற்றத் தொடங்கினேன். மணிக்கட்டு கடுத்தது. அவர் உள்ளே வந்து பார்த்தார்.

"இங்கிட்டு ரெண்டைக் குடுங்க. நானும் ஆட்டுறேன்."

"வேணாம்ணே. நீங்க தொடாதீங்க."

அவர் முகம் மாறியது. நான் ஆட்டிக்கொண்டே சொன்னேன். "கோடு இறங்கலைன்னா, நீங்க தொட்டதாலதான்னு சார் சொல்லிருவாரு. இறங்குனா, நீங்க பக்கத்துலயே வரலைங்கிறதால இறங்குச்சுன்னு சொல்லிருவாரு. அதனால இங்கேயே நில்லுங்க. தொடாம நில்லுங்க. கூடத்துல இருந்தீங்கன்னு நான் நோட்டுல எழுதுறேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே போய் நின்றார்.

"எம்புட்டு நேரத்துக்கு ஒருக்கா மாத்தணும்?"

"ஒரு நிமிஷம்."

"மாத்துங்க," என்றார். ஒரு நிமிடம் கழித்து, "மாத்துங்க." ஆயிரம் கண்ணாடிக் குடுவை கழுவிய கைகள் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. கரண்ட் வரும்வரை, ஒரு மணி நேரத்துக்கு மேல், எங்களுக்குள் இருந்த பேச்சு அந்த ஒரு சொல்தான்.

மாலைக்குள் எல்லா மாதிரியும் எடுத்து முடித்தேன். வெள்ளி காலை ஏழு மணிக்கே பிளேம் போட்டோமீட்டரைப் பற்ற வைத்தேன். முதல் குழாய், முள் நன்றாய் ஏறியது: நிறைந்த பை. இரண்டாவது, குறைவு. மூன்றாவது, இன்னும் குறைவு. நான்காவது, அதற்கும் கீழே. ஐந்தாவதில் முள் தரையைத் தொடுகிற உயரத்துக்கு வந்திருந்தது. நடுக்கூடத்து நீரில் மட்டும் முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவு, இருக்கிறதோ இல்லையோ என்கிற அளவு. பை காலியாகிக்கொண்டே வர, நடுக்கூடத்தை மட்டும் அந்தச் செல் கலங்க விடவில்லை. நான் தப்பு செய்த நான்கு முறையும் அது இதைத்தான் செய்திருக்கிறது. என் முந்தானையிலிருந்து உதிர்ந்த தூசியையும் ஒன்று விடாமல் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, மற்றபடி எதுவும் நடக்காதது போல இருந்திருக்கிறது. நான் அதைத் தோல்வி என்று எழுதியிருந்தேன்.

வரைதாளில் புள்ளிகளைக் குத்தி, கோட்டை இழுத்து, சார் மேசையில் வைத்தபோது மணி பத்தரை. கூடவே நானே கைப்பட எழுதிய ஒரு கடிதம்: சுத்தக் குறைவு என்னுடையது, கழுவுகிற பணியில் குறையேதும் காணவில்லை, முன்பு சொன்னது என் தவறு.

சார் கோட்டைத்தான் முதலில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இதுக்கு மேல இன்னும் ரெண்டு தடவை பண்ணணும்" என்றார். "பண்றேன் சார். முதல்ல அந்த வரி" என்றேன். கடிதத்தைப் படித்தார். அதைப் பைலில் வைத்தால் என் பெயருக்கும் அது கரும்புள்ளிதான் என்றார். வையுங்கள் என்றேன். பழைய வரியை அடித்து, பக்கத்தில் கையெழுத்திட்டார். பைலை நானே ஆபீசுக்குக் கொண்டுபோனேன். கிளார்க் வாங்கி வைக்கும்வரை நகரவில்லை.

மாசியில் அவருக்கு நிரந்தர உத்தரவு வந்தது. கூடவே, எங்கே போட விருப்பம் என்று ஒரு தாள். வாடிப்பட்டிப் பக்கம் எங்களுக்கு ஒரு சோதனைப் பண்ணை இருந்தது. அதை எழுதிக் கொடுத்துவிட்டார். நான் போய்க் கேட்டேன், இங்கேயே இருக்கக்கூடாதா என்று.

"கோவமெல்லாம் இல்லை," என்றார். "இங்கன இருந்தா வெத்தலை மடிக்கையிலெல்லாம் யாராச்சும் பாக்குறாகளான்னு திரும்பிப் பாக்கத் தோணுது. அங்கிட்டு மரந்தேன் இருக்கு, அது பாக்காது."

"என்னாலதான்."

"ஆமா, உங்களாலதேன்," என்றார். மறுக்கவில்லை, மழுப்பவில்லை. "அம்புட்டையும் உங்க கையாலேயே எழுதிக் குடுத்தீங்கள்ல, அதுவும் உங்களாலதேன். ரெண்டும் இருக்கட்டும்."

கடைசி நாள் மாலை பஸ் நிறுத்தம்வரை கூடப் போனேன். அவர் கையில் ஒரு தூக்குவாளியும் துண்டில் சுற்றிய துணிகளும். வெயில் சாய்ந்து பனைகளின் நிழல் ரோட்டைத் தாண்டிக் கிடந்தது. பஸ் தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. படியில் ஒரு கால் வைத்தவர் திரும்பினார்.

"வாரேன். அந்த அஞ்சாம் நம்பர் குடுவை அடியில கீறல் விட்டுருக்கு, சூட்டுல வச்சிராதீங்க."